உணர்விழக்கும் பாதங்கள்

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாள்தோறும் மாலையில் நடைப்பயிற்சிக்குச் செல்வார். சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள், இடது காலின் செருப்பு கழன்று பின்தங்கிவிட்டதை அறியாமல் பத்துப் பன்னிரண்டு அடி நடந்துவிட்டார். பின்னால் வந்த பள்ளிச் சிறுவன் அதை எடுத்து வந்து, "தாத்தா, உங்க செருப்பு" என்று நீட்டியபோதுதான் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். "வயசாயிடுச்சுப்பா" என்று சிரித்தபடி மாட்டிக்கொண்டு நடந்தார். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் சிரித்தோம்.

சிரித்திருக்கக் கூடாது. செருப்பு கழல்வது தெரிகிறதா என்பது, நரம்பியல் மருத்துவர்கள் முதியவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுள் ஒன்று. தரையில் நடக்கும்போது பஞ்சின்மேல் நடப்பது போலிருக்கிறதா, முகம் கழுவக் கண்களை மூடும்போது உடல் ஆடுகிறதா, இருட்டில் நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பவை மற்றவை. இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும், காலின் நரம்புகளைச் சோதித்துப் பார்ப்பது தேவையாகிறது.

முதுமையில் நடை தளர்வதற்கு நம் சமூகம் பெரும்பாலும் இரண்டு காரணங்களையே அறிந்திருக்கிறது. ஒன்று வயது, மற்றொன்று மூட்டு. வயதுக்கு மருந்தில்லை என்று விட்டுவிடுகிறோம். மூட்டுக்கோ, தைலம் முதல் செயற்கை மூட்டு வரை ஒரு பெரும் சந்தையே விரிந்து கிடக்கிறது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கும் பாட்டி தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றாத நாளில்லை. மூட்டு வலிப்பதால் கவனம் பெறுகிறது. பாதத்தின் நரம்பு நலிந்தால் பலருக்கு வலியே இருப்பதில்லை. வலியில்லாததையே நலம் என்று எண்ணிக்கொள்கிறோம். மூன்றாவது காரணமாகிய நரம்பு, வீட்டிலும் பேசப்படுவதில்லை. அரசின் முதியோர் நலத் திட்டங்களிலும் போதிய இடம் பெறவில்லை.

நடப்பது என்பது தசையும் எலும்பும் மட்டும் செய்யும் வேலையன்று. கீழ்முதுகிலிருந்து கால்விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடும் நரம்பிழைகள், நம் உடலின் மிக நீண்ட நரம்பிழைகளுள் அடங்குபவை. பாதம் எங்கே பதிந்தது, தரை சரிவா சமமா, கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்திகள் இவற்றின் வழியே நொடிக்கு 40 முதல் 60 மீட்டர் வரையிலான வேகத்தில் மேலே செல்கின்றன. அடுத்த அடிக்கான ஆணை கீழிறங்குகிறது. வயது ஏற ஏற இந்த வேகம் குறைகிறது. நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை நலிகிறது. இழைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. நீளமான இழைகளே முதலில் பாதிக்கப்படுவதால், இழப்பு கால்விரல்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறுகிறது.

தசையை இயக்கும் நரம்பணுக்களின் கதையும் இதுவே. அறுபதைக் கடந்தபின் தண்டுவடத்திலுள்ள இந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்குகின்றன. ஓர் அணு மடிந்தால், அது இயக்கிவந்த தசையிழைகள் ஆதரவற்றுப் போகின்றன. பக்கத்து நரம்பணு கிளைவிட்டு அவற்றுள் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்கிறது. ஓரளவுக்கு மேல் அதனாலும் இயலாதபோது தசை சூம்புகிறது. முதியவரின் கால் மெலிவதைக் கண்டு "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று வீட்டார் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். உணவும் ஒரு காரணம்தான். ஆனால், தசைக்குக் கட்டளை தரும் நரம்பு குறைந்துபோனதும் அந்த மெலிவில் அடங்கியிருக்கிறது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாக எலும்பைச் சுற்றிக்கொண்டு இறங்கும் நரம்பு ஒன்று உண்டு. பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் தசைகளை இயக்குவது அதுவே. இயல்பான நடையில், காலை முன்னே வீசும்போது கால்விரல் நுனி தரையிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து செல்கிறது. இந்த நரம்பு சற்றே தளர்ந்தாலும் அந்த இடைவெளி சுருங்கிவிடும். நாற்பது ஆண்டுகளாகத் தாண்டிப் பழகிய சொந்த வீட்டு நிலைப்படியில் தாத்தா திடீரென ஒருநாள் இடறி விழுவதன் பின்னணியில் இதுவும் இருக்கக்கூடும். வீட்டுக்குள்ளேயே இப்படியென்றால், கல்லும் குழியும் பெயர்ந்த பலகைகளுமான நம் நடைபாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நிலைதடுமாறாமல் நிற்பதற்கு மூளை மூன்று வழிகளில் செய்தி பெறுகிறது: கண், உட்செவி, கால்களிலிருந்து வரும் உணர்வு. இவற்றுள் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுசெய்யும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க், தண்டுவடம் பாதிக்கப்பட்ட நோயாளிகள் கண்ணைத் திறந்திருக்கும் வரை நிலையாக நின்று, மூடியவுடன் தள்ளாடுவதைக் கவனித்துப் பதிவு செய்தார். கால்கள் தர வேண்டிய செய்தியைக் கண்களே அதுவரை தந்துவந்தன என்பது அதன் பொருள். அந்தச் சோதனை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மருத்துவரிடம் போகாவிட்டாலும், நம் வீட்டு முதியவர்கள் இச்சோதனையை நாள்தோறும் தம்மையறியாமல் செய்துகொள்கிறார்கள். சோப்பு நுரை படாமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஈரத் தரையில் நிற்கும் குளியலறையிலும், பிள்ளைகளின் தூக்கம் கெடுமே என்று விளக்கைப் போடாமல் எழுந்து செல்லும் பின்னிரவிலும் அது நிகழ்கிறது. அங்கே தேர்ச்சி பெறாவிட்டால் இடுப்பெலும்பு முறிகிறது.

இதெல்லாம் அனுமானமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மெம்ஃபிஸ் நகரங்களில் 70 முதல் 79 வயது வரையிலான 3,075 பேரை 1997-98 முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுகிறது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் நோயாளிகள்போல் நடமாட்டம் குன்றியவர்கள் அல்லர். கால் மைல் நடப்பதிலோ பத்துப் படிகள் ஏறுவதிலோ சிரமமில்லை என்று சொன்னவர்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய கால் நரம்பின் கடத்துவேகம், கட்டைவிரலின் அதிர்வு உணர்வு, மெல்லிய நைலான் இழையின் தொடுதலை உணரும் திறன் ஆகியவை அளக்கப்பட்டன. 400 மீட்டர் நடையும் சோதிக்கப்பட்டது. நரம்பின் செயல்பாடு குறைந்திருந்தவர்கள் மெதுவாக நடந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் நடமாடும் திறனை இழக்கும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகமாக இருந்தது. நாம் கருத்தூன்ற வேண்டியது அடுத்த செய்தியில்தான். நீரிழிவு இருப்பதையும் இல்லாததையும் கணக்கில் கொண்டு பார்த்த பின்னும் இத்தொடர்பு மறையவில்லை. சர்க்கரை நோய் இல்லாத முதியவரின் பாத நரம்பும் அவருடைய நடையைத் தீர்மானிக்கிறது.

நம் நாட்டில் பாதம் என்றாலே நீரிழிவு என்றுதான் மருத்துவமனைகளும் அரசும் சிந்திக்கின்றன. அதற்கு நியாயமான காரணம் உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கும், அண்டையிலுள்ள புதுச்சேரியில் 26.3 விழுக்காட்டினருக்கும் அந்நோய் இருப்பதாக அது கூறியது. கால்களை இழக்கும் அவலத்தைத் தடுக்க, நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கும் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்திருப்பது பாராட்டுக்குரியது. ஆயினும், அத்திட்டத்தின் நோக்கம் புண்ணையும் கால் இழப்பையும் தடுப்பது. செருப்பு கழன்றதை உணராத எங்கள் தலைமையாசிரியருக்குச் சர்க்கரை நோய் இல்லை. ஆகவே, அந்தக் கதவு அவருக்குத் திறக்காது.

நீரிழிவைத் தவிர நரம்பை நலியச் செய்யும் காரணங்கள் பல. நெடுநாள் மதுப்பழக்கம், சிறுநீரக நோய், தைராய்டு குறைவு, சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட், முதுகெலும்புத் தேய்மானத்தால் நரம்பு வேர்கள் நசுங்குதல் என்று பட்டியல் நீளும். முதியவர்களிடம் குறிப்பாகத் தேட வேண்டியது பி12 வைட்டமின் குறைவு. பாலும் முட்டையும் இறைச்சியும்தான் இதன் உணவு வழிகள். பல் போன வயதில் இறைச்சி குறைகிறது. வயிற்றில் அமிலச் சுரப்பு குறைவதால், உண்ட உணவிலிருந்தும் இச்சத்து சரியாகப் பிரிவதில்லை. இவற்றோடு, நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரைகளும், சர்க்கரைக்காக எடுத்துக்கொள்ளும் மெட்ஃபார்மினும் பி12 அளவைக் குறைக்கக்கூடியவை. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, யாரும் அஞ்சி நிறுத்திவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் அதை உட்கொள்பவரின் பி12 அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பதே இங்குச் சொல்ல வருவது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கால் மரத்துப்போகிறது என்றதும் மருந்துக்கடைக்குச் சென்று 'நரம்புக்குச் சத்து மாத்திரை' வாங்கிக்கொள்வதும், தெருமுனை மருத்துவமனையில் செந்நிற ஊசி ஒன்று போட்டுக்கொள்வதும் நம் ஊர்களில் சாதாரணம். குறை என்ன என்று அறியாமல் போட்டுக்கொள்ளும் இந்த ஊசி சிலருக்குப் பயன்படலாம். பலருக்கு வெறும் ஆறுதல்தான். இத்தகைய கலவைகளில் சேர்க்கப்படும் பி6 வைட்டமினை அளவு மீறி நெடுநாள் எடுத்துக்கொண்டால், அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

உணர்விழந்த பாதம் தன்னைத் தானே எவ்வாறு அழித்துக்கொள்கிறது என்ற அறிவு உலகுக்குப் பரவியதில் தமிழகத்துக்குப் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் அழுகி விழுவதில்லை என்பதை நிறுவினார். நரம்பு செயலிழந்து வலி தெரியாமற்போவதால், சூடும் முள்ளும் ஓயாத அழுத்தமும் ஏற்படுத்தும் காயங்கள் கவனிக்கப்படாமல் பெருகுவதே காரணம் என்று அவர் காட்டினார். அந்தப் புரிதலின் தொடர்ச்சியாகவே, நுண்துளை ரப்பரால் ஆன 'எம்.சி.ஆர்.' செருப்பு நம் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்தது. தொழுநோய்க்குப் பிறந்த அந்த அறிவு பின்னர் நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்பட்டது. அதை முதுமையின் பாதத்துக்கும் நீட்டிப்பது பெரிய பாய்ச்சல் அன்று. உச்சிவெயிலில் கோயில் பிராகாரக் கருங்கல்லில் வெறுங்காலுடன் வலம்வந்துவிட்டு, வீடு திரும்பியபின் கொப்புளத்தைக் கண்டு வியக்கும் முதியவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இப்போது அரசின் பணம் எங்கே செல்கிறது என்று பார்ப்போம். 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. மிக நல்ல திட்டம். ஆனால், அது மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே பயன்படும். இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும். அது முறியாமலிருக்கச் செய்ய வேண்டிய பாதப் பரிசோதனைக்கும், பி12 அளவைப் பார்க்கும் ரத்தச் சோதனைக்கும், இயன்முறை மருத்துவரிடம் சமநிலைப் பயிற்சி பெறுவதற்கும், பின்வார் வைத்த செருப்புக்கும் கிடைக்காது. விழுந்தபின் கொடுப்போம் என்கிற காப்பீட்டைக் குறைசொல்வதற்கில்லை; காப்பீடு என்பதே அதுதான். விழுமுன் கொடுக்க வேறொரு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஒன்று, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று, ஒரு நாற்காலி, நான்கு மீட்டர் தரை, ஒரு கடிகாரம். இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பதும், நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்வதும், நான்கு மீட்டர் நடக்க எத்தனை நொடி ஆகிறது என்று குறிப்பதும் பத்து நிமிட வேலை. கருவிகளின் விலை சில நூறு ரூபாய். பல ஆண்டுகள் உழைக்கும். கடத்துவேகத்தை அளக்கும் மின்கருவிச் சோதனை பெரிய மருத்துவமனைகளுக்கு உரியது. அது தேவைப்படுவோரை வடிகட்டி அனுப்ப இந்த எளிய சோதனைகள் போதும்.

நடைவேகத்தை அளப்பதை அற்பமாக எண்ண வேண்டியதில்லை. 34,485 முதியவர்களின் தரவுகளைத் தொகுத்து 2011-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, நடைவேகம் ஒருவரின் எஞ்சிய ஆயுளோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் அளக்கிற நாம், நடைவேகத்தை ஒருமுறைகூட அளப்பதில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதற்குப் பொருத்தமான வாகனம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து தரும் அத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அறுபது கடந்த அனைவருக்கும், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை பாத உணர்வையும் நடைவேகத்தையும் சோதிப்பது என்று அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால், அந்த வரியைச் சேர்க்கும் கை, அதைச் செய்யப்போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் ஊக்கத்தொகையையும் உயர்த்த வேண்டும். ஒவ்வொரு புதிய அறிவிப்பும் அதே பெண்களின் தோளில் இன்னொரு பதிவேடாக ஏறுவது நியாயமன்று. அவர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் தராமல் பணியை மட்டும் தந்தால், பரிசோதனை நடக்காது. பதிவேடு மட்டும் நிரம்பும்.

கண்டுபிடித்து என்ன பயன், வயதானால் நலிந்த நரம்பு மீளவா போகிறது என்ற கேள்வி எழும். மருத்துவர்களே சிலர் இப்படிக் கேட்கிறார்கள். வயதால் இழந்த நரம்பிழைகளை மீட்டுத் தரும் மருந்து இன்று இல்லை என்பது உண்மை. ஆனால், பி12 குறைவைச் சீக்கிரம் கண்டால் சரிசெய்யலாம்; காலம் தாழ்த்தினால் பாதிப்பு நிலைத்துவிடும். மதுவை நிறுத்தலாம், சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம், கேடு செய்யும் மருந்தை மாற்றலாம். நரம்பே மீளாதபோதும் நடையைக் காப்பாற்ற இயலும். அமெரிக்காவில் உடலுழைப்பு குறைந்த, 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நடையும் தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் மேற்கொண்டவர்களில் 30.1 விழுக்காட்டினர் 400 மீட்டர் நடக்கும் திறனை ஒரு கட்டத்தில் இழந்தனர். உடல்நல அறிவுரை மட்டும் பெற்றவர்களில் இது 35.5 விழுக்காடு. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். நூறு முதியவர்களில் ஐந்து பேர் பிறர் துணையின்றிக் கடைவீதிக்குச் சென்றுவர முடிகிறது என்று அதை மொழிபெயர்த்துப் பார்த்தால் சிறிதாகத் தோன்றாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம், முதியோர் விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு காலில் நிற்பது, கோட்டின்மேல் நடப்பது போன்றவையே அதன் பயிற்சிகள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இருந்தால் போதும்.

தம் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது என்று அறிந்தவர் இரவில் விளக்கைப் போட்டுக்கொள்வார். கழலும் செருப்பை விடுத்துப் பின்வார் உள்ளதை வாங்குவார். குளியலறையில் கைப்பிடி ஒன்றைப் பொருத்தச் சொல்வார். நாற்காலியில் அமர்ந்து குளிப்பார். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் கையால் பார்ப்பார். இவற்றுக்கு மருந்துச் சீட்டு வேண்டியதில்லை, தகவல் வேண்டும். விழுதலால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. உயிரிழப்பு அதிகம் நிகழ்வது 60 வயதைக் கடந்தவர்களிடம்.

தமிழகத்தின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2011-இல் 10.4 விழுக்காடு. 2031-இல் இது 18.2 விழுக்காடாகும் என்று அதிகாரபூர்வ முன்கணிப்புகள் கூறுகின்றன. கேரளத்துக்கு அடுத்தபடியாக விரைந்து முதுமையடையும் மாநிலம் நம்முடையது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது ஒரு தொடக்கம். அந்த மருத்துவமனைக்கு ஒரு முதியவர் பேருந்தில் சென்றுசேர முடியுமா என்பதையும் அரசு எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் மூத்த குடிமக்களுக்கு மாதந்தோறும் இலவசப் பயண வில்லைகள் தருகிறார்கள். உயரமான படியில் கால் தூக்கி வைக்க இயலாதவருக்கு அந்த வில்லையால் என்ன பயன்? தாழ்தளப் பேருந்துகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஏறியவர் இருக்கையில் அமரும்வரை வண்டியை எடுக்காமலிருக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

சாலையைக் கடப்பதைப் பாருங்கள். பாதசாரிகளுக்கான சிக்னல் நேரத்தை, ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பார் என்ற கணக்கில் வகுப்பது பல நாடுகளில் நெடுங்கால வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தோரை அளந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 84 விழுக்காட்டினரும் பெண்களில் 94 விழுக்காட்டினரும் அந்த வேகத்தை எட்டவில்லை. 24 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு இக்கணக்கின்படி 20 நொடிகள் போதும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவர் அந்த 20 நொடிகளில் 16 மீட்டர்தான் வந்திருப்பார். மீதி எட்டு மீட்டரை, உறுமிக்கொண்டு நிற்கும் வாகனங்களுக்கு முன்னால் கடக்க வேண்டும். விரைந்து நட என்று மூளை சொன்னாலும் அவருடைய நரம்பு அதை உடனே நிறைவேற்றாது. அவசரத்தில்தான் கால் இடறுகிறது.

அமெரிக்கா 2009-இல் இந்தக் கணக்கை நொடிக்கு ஏறத்தாழ 1.07 மீட்டராகக் குறைத்தது. சிங்கப்பூரில், முதியவர்கள் தம் அட்டையைச் சிக்னல் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், பச்சை விளக்கு கூடுதலாகச் சில நொடிகள் எரியும் ஏற்பாடு 2009 முதலே இருக்கிறது. நம் பெருநகரங்களில் பாதசாரிக்கெனப் பச்சை விளக்கு எரிவதே அரிது. எரிந்தாலும் இடப்புறம் திரும்பும் வாகனங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இதில் சட்டமும் இப்போது முதியவர் பக்கம் நிற்கிறது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறியது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க வகையில் நடைபாதை அமைய வேண்டும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் அதன் பலனைக் காண்கிறோம். பத்துத் தெரு தள்ளிச் சென்றால், மின்மாற்றிப் பெட்டியும் நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்களும் நடைபாதையை அடைத்துக்கொண்டிருப்பதையும் காண்கிறோம். ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் கால் வீசி நடக்கிற ஒருவருக்கு நடைபாதை என்ன அளவில் சமமாக இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தால், சாலை ஒப்பந்தங்களின் வாசகமே மாறக்கூடும். மருத்துவத் துறையும் நகராட்சித் துறையும் இந்த ஒரு விஷயத்துக்காக ஒரே மேசையில் அமர்ந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தலைமையாசிரியரை அவருடைய மகள் ஒருவழியாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். கட்டைவிரலில் வைத்த இசைக்கவையின் அதிர்வை அவர் உணரவில்லை. கணுக்காலில் வைத்தபோது மங்கலாக உணர்ந்தார். ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தது. பத்தாண்டுகளாக யாரும் நிறுத்தச் சொல்லாததால் விழுங்கிவந்த அமில மாத்திரை நிறுத்தப்பட்டது. இப்போது பின்வார் வைத்த செருப்பு அணிகிறார்; காலையில் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துகிறார். மாலை நடை தொடர்கிறது. பிரதான சாலையைத் தாண்டினால்தான் பூங்கா. சிக்னல் அருகே நின்று, கைகொடுத்து அழைத்துச் செல்ல யாராவது வருகிறார்களா என்று இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.